627001627001: நெல்லை பின்கோடை இரண்டு முறை எழுதி, பேனாவால் உடைப்பது எப்படி

பாளையங்கோட்டையில் நான் டியூஷன் எடுக்கும் மாடி அறையில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கவரில் முகவரி எழுதிக்கொண்டிருந்தான். அனுப்புநர் திருநெல்வேலி, பெறுநரும் திருநெல்வேலி. ரஃப் நோட்டில் எழுதிப் பார்த்தபோது இரண்டு பின்கோடையும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதிவிட்டான்: 627001627001.

"என்னல இது, ஆதார் நம்பரா?"

"இல்ல சார், பின்கோடுதான். ரெண்டும் ஒட்டிக்கிட்டு." கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், பரீட்சையில இம்புட்டுப் பெரிய நம்பரைக் குடுத்துக் காரணிப்படுத்தச் சொன்னா என்ன செய்ய?" என்றான்.

அவனிடம் இருந்ததோ எட்டு இலக்கக் கால்குலேட்டர். பன்னிரண்டு இலக்கம் அதற்குள் நுழையவே நுழையாது. இருந்தும் அன்று சாயங்காலத்துக்குள் அந்த எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்து, அதன் குணங்களையும் ஓரளவு பார்த்துவிட்டோம். செய்த வரிசையிலேயே கீழே எழுதுகிறேன். வேண்டியவை பேனா, தாள், ஒரு சாதாரணக் கால்குலேட்டர்.

படி 1: எண்ணை வாய்விட்டு வாசியுங்கள்

62,700 கோடியே 16 லட்சத்து 27 ஆயிரத்து ஒன்று. வாசித்தாலே அதன் பருமன் பிடிபடும்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் அடங்கிய தென்பகுதி. முதல் மூன்று இலக்கமும் சேர்ந்து தபால் பிரிக்கும் மாவட்டத்தைச் சொல்லும். கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தை. 627 என்பது பழைய, பிரிக்கப்படாத நெல்லைச் சீமை. 2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆன பிறகும் அங்கே 627811-தான். இந்த 627-ஐ நினைவில் வையுங்கள், படி 4-இல் பெரிய உதவி செய்யும்.

படி 2: எண் எப்படிக் கட்டப்பட்டது என்று பாருங்கள்

பெரிய எண்ணைக் கண்டதும் 2, 3, 5, 7 என்று வகுக்க உட்காருவதுதான் நம் பிள்ளைகளின் வழக்கம். நான் அதை முதலில் செய்ய விடுவதில்லை. வீட்டை இடிக்க வருகிறவன்கூடச் சுவரைத் தட்டிப் பார்த்துத்தான் கடப்பாரையை எடுப்பான்.

இந்த எண்ணில் ஆறு இலக்கத் துண்டு ஒன்று இரண்டு முறை வந்திருக்கிறது. இடப்பக்கத் துண்டு பத்து லட்சத்தால் பெருக்கப்பட்டு நிற்கிறது. வலப்பக்கத் துண்டு அப்படியே நிற்கிறது. ஆகவே

627001627001 = 627001 × 1000000 + 627001 = 627001 × 1000001

பன்னிரண்டு இலக்கம் ஆறும் ஏழுமாக இரண்டாகிவிட்டது. இரண்டுமே எட்டு இலக்கக் கால்குலேட்டருக்குள் அடங்கும்.

இதன் சின்ன வடிவம் பலருக்குத் தெரிந்திருக்கும். ஏதாவது ஒரு மூன்று இலக்க எண்ணை இரண்டு முறை எழுதச் சொல்லி, "இது 7, 11, 13 மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும்" என்று பந்தயம் கட்டுகிற விளையாட்டு. மூன்று இலக்கத்தை இரட்டித்தால் 1001 ஆல் பெருக்கியதாக அர்த்தம்; 1001 = 7 × 11 × 13. நாம் ஆறு இலக்கத்தை இரட்டித்திருக்கிறோம், அதனால் 1001 இருந்த இடத்தில் 1000001. அதையும் உடைக்க வேண்டும்.

படி 3: 1000001

ஒன்பதாம் வகுப்பு முற்றொருமை ஒன்று இங்கே கைகொடுக்கிறது: அ³ + 1 = (அ + 1)(அ² − அ + 1). பத்து லட்சம் என்பது 100-இன் கனம். அ = 100 என்று போட்டால்

1000001 = 101 × (10000 − 100 + 1) = 101 × 9901

101 பகா எண் என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். 2, 3, 5, 7 எதுவும் வகுக்காது. 9901? அதன் வர்க்கமூலம் 99.5. அதுவரை 25 பகா எண்கள் உண்டு. இருபத்தைந்தாலும் வகுத்துப் பார்ப்பது தப்பில்லை, ஆனால் ஐந்தோடு முடிக்க ஒரு வழி இருக்கிறது. அவசரம் என்றால் இந்த ஒரு பத்தியைத் தாண்டிப் போங்கள்.

ஒரு பகா எண் 9901-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 1000001-ஐயும் வகுக்கும். அப்படியென்றால் 10-இன் ஆறாம் அடுக்கை அதனால் வகுத்தால் மீதி −1. பன்னிரண்டாம் அடுக்குக்கு மீதி 1. முதன்முதலில் மீதி 1 வருகிற அடுக்கு எதுவோ, அது 12-ஐ வகுக்க வேண்டும், 6-ஐ வகுக்கக் கூடாது. மிஞ்சுவது 4, 12 இரண்டே. 4 என்றால் 10²-க்கு மீதி −1, அதாவது அந்தப் பகா எண் 101-தான். ஆனால் 9901 = 101 × 98 + 3; மீதி வருகிறது, 101 இல்லை. ஆக அடுக்கு 12. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 12 அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்ததை வகுக்க வேண்டும். அதாவது 12-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்களைச் சோதித்தால் போதும். 99-க்குள் அப்படி 13, 37, 61, 73, 97 மட்டுமே உண்டு. மீதிகள் முறையே 8, 22, 19, 46, 7. ஒன்றும் வகுக்கவில்லை. 9901 பகா எண்.

படி 4: 627001

இனி முற்றொருமை கைகொடுக்காது, கைவேலைதான். வர்க்கமூலம் 791.8, அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

ஆனால் நெல்லைக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. 627 = 3 × 11 × 19. அதனால் 627000 என்பது 2, 3, 5, 11, 19 அத்தனையாலும் வகுபடும். நம் சீமையின் எந்தப் பின்கோடாக இருந்தாலும் இந்த ஐந்துக்கும் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். 001-ஐப் பார்த்தோம், ஐந்துக்கும் மீதி 1. ஐந்து சோதனை ஒரே மூச்சில் முடிந்தது. (9-க்கு இது செல்லாது. 627-இல் 3 ஒரு முறைதான் இருக்கிறது. இங்கே வழுக்கி விழுந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.) தூத்துக்குடிக்காரர்களின் 628 = 4 × 157, நாகர்கோவிலின் 629 = 17 × 37. இவ்வளவு வசதி அங்கே இல்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

7-க்கும் 13-க்கும் 1001-ஐப் பயன்படுத்தலாம். வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க: 001 − 627 = −626. இதை 7 வகுக்காது, 13-உம் வகுக்காது. 37-க்கு, 999 = 27 × 37 என்பதால் மும்மூன்றாகக் கூட்டினால் போதும்: 627 + 1 = 628, மீதி 36. வகுக்காது.

மற்றவற்றுக்குக் கால்குலேட்டர். மீதி காண்பது எப்படி என்று தெரியாமல் தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவதையே மீதி என்று எழுதிவைக்கிற பிள்ளைகள் உண்டு. முறை இதுதான்: வகுங்கள், புள்ளிக்குப் பின் வருவதை விட்டுவிடுங்கள், முழுப் பகுதியை வகுத்த எண்ணால் திரும்பப் பெருக்குங்கள், மூல எண்ணிலிருந்து கழியுங்கள். எங்களுக்குக் கிடைத்த மீதிகள்:

17 → 7, 23 → 21, 29 → 21, 31 → 26, 41 → 29, 43 → 18, 47 → 21, 53 → 11, 59 → 8, 61 → 43, 67 → 15, 71 → 0

23, 29, 47 மூன்றுக்கும் 21 வந்ததும் எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. "ஏல, மேல உள்ளதைப் பாத்துக் காப்பி அடிச்சியா?" என்று கேட்டேவிட்டேன். பாவம், அவன் சரியாகத்தான் செய்திருந்தான். 627001-இல் 21-ஐக் கழித்தால் 626980. அது 20 × 23 × 29 × 47. மூன்றுக்கும் ஒரே மீதி வருவது வெறும் தற்செயல், ஆனால் மெய்யான தற்செயல். மன்னிப்பாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

71 இருபதாவது பகா எண். 627001 = 71 × 8831.

படி 5: 8831 இன்னும் உடையுமா?

மறுபடி 2-இலிருந்து தொடங்காதீர்கள். 71-க்குக் கீழே உள்ள எந்தப் பகா எண்ணும் 627001-ஐ வகுக்கவில்லை; அதன் காரணியான 8831-ஐ மட்டும் எப்படி வகுக்கும்? அதன் வர்க்கமூலம் 93.97. ஆக 71, 73, 79, 83, 89 ஐந்தைப் பார்த்தால் போதும். மீதிகள் 27, 71, 62, 33, 20. 8831 பகா எண்.

படி 6: சேர்த்துச் சரிபார்ப்பது

627001627001 = 71 × 101 × 8831 × 9901

அடிப்படை எண்ணியல் தேற்றப்படி, வரிசையை மாற்றலாமே தவிர இதைவிட்டால் வேறு பிரிப்பு கிடையாது.

சரிபார்க்க 71 × 101 = 7171; 8831 × 9901 = 87435731. இரண்டையும் தாளில் பெருக்கிப் பாருங்கள், மூல எண் வரும். அவ்வளவு பெருக்க சோம்பலாக இருந்தால் ஒன்பதை நீக்கும் முறை: இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஓரிலக்கமாக்கினால் 71 → 8, 101 → 2, 8831 → 2, 9901 → 1. பெருக்கினால் 32 → 5. மூல எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகையும் 32 → 5. பொருந்துகிறது. ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். 8831-ஐ 8813 என்று மாற்றி எழுதியிருந்தாலும் இந்தச் சோதனை வாயைத் திறக்காது. இலக்கம் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாதே.

படி 7: காரணிகளிலிருந்து குணங்கள்

காரணிப்படுத்துவது வரைதான் உழைப்பு. பிறகு எண்ணைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் வரிசையாக வந்து நிற்கும்.

வகுத்திகள் எத்தனை? நான்கு பகா எண்களும் ஒவ்வொரு முறையே வருகின்றன. ஒவ்வொன்றையும் எடுக்கலாம், விடலாம்; 2 × 2 × 2 × 2 = 16. பதினாறையும் எழுதிப் பார்த்தால் வேடிக்கையான சில எண்கள் தட்டுப்படும்: 7171, 71000071, 8831008831. அப்பனைப் போலவே பிள்ளைகளும் இரட்டைப் பிறவி.

வகுத்திகளின் கூட்டுத்தொகை? ஒவ்வொரு பகா எண்ணோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 72 × 102 × 8832 × 9902 = 642265583616. இதில் எண்ணையே கழித்தால் மிஞ்சுவது 1526 கோடியே 39 லட்சத்து 56 ஆயிரத்து 615. எண்ணின் நூறில் இரண்டரைப் பங்குகூட இல்லை. தன் வகுத்திகளைக் கூட்டினால் தன்னையே தருகிற 6, 28 போன்ற செவ்விய எண்களுக்குப் பக்கத்தில்கூட இது வராது.

இதற்கு எதிர்க்கோடியில் அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பின்கோடு. 627012 = 2² × 3² × 17417. அதற்கு 18 வகுத்திகள். தன்னை விட்டுவிட்டுக் கூட்டினாலும் 958026 வந்து தன்னையே தாண்டிவிடுகிறது. பதினொன்று தள்ளியிருக்கும் 627001-க்கு நான்கே வகுத்திகள். எண் உலகத்தில் அக்கம்பக்கம் என்பதால் குணம் ஒத்துப்போக வேண்டும் என்றில்லை.

சார்பகா எண்கள்: 1-இலிருந்து நம் எண் வரை, அதனோடு பொதுக்காரணி இல்லாதவை 70 × 100 × 8830 × 9900 = 611919000000. அதாவது நூறில் 97-க்கும் மேல்.

அடுத்த குணம் எனக்கு மிகப் பிடித்தது. இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இந்த எண்ணை எழுத முடியுமா? கடைசி இரண்டு இலக்கம் 01, 4-ஆல் வகுத்தால் மீதி 1. இப்படி மீதி 1 தரும் பகா எண்கள் எல்லாவற்றையும் எழுத முடியும். 101 = 10² + 1², 9901 = 99² + 10². இரண்டையும் பெருக்கிய 1000001-ஐ இரண்டு விதமாகவே எழுதலாம்: 1000² + 1², அல்லது 980² + 199². ஆனால் 71-உம் 8831-உம் 4-ஆல் வகுத்தால் மீதி 3 தருபவை. அப்படிப்பட்ட பகா எண் ஒன்று இரு வர்க்கங்களின் கூட்டலை வகுத்தால், இரண்டு வர்க்கத்தையும் தனித்தனியே வகுத்தாக வேண்டும். அப்போது 71² நம் எண்ணை வகுத்திருக்கும். இங்கே 71 ஒரே முறைதான். ஆகவே முடியாது. மீதி 3 தரும் இரண்டு பேர் சேர்ந்து பெருக்கி மீதி 1 என்று சாது வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். காரணி தெரியாமல் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது பிடிபடாது.

படி 8: 71-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள்

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்தவர் எஸ். எஸ். பிள்ளை, சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. எண் கோட்பாட்டில் உலகம் அறிந்த பெயர். ஒரு முழு எண்ணை அடுக்குகளின் கூட்டலாக எழுத எத்தனை அடுக்குகள் போதும் என்ற வாரிங் கணக்கில் அவர் செய்த வேலை பேர்பெற்றது: எந்த எண்ணையும் எழுத 73 ஆறாம் அடுக்குகள் போதும் என்று 1940-இல் நிறுவினார். 1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் மறைந்தார். குற்றாலத்தில் குளிக்கப் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று நான் கணக்கெடுத்ததில்லை. என் வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர் பெயரில் 'பிள்ளை பகா எண்கள்' என்று ஒரு வகை உண்டு. ஏதாவது ஒரு எண்ணின் தொடர்பெருக்கத்தோடு 1 கூட்டினால் அந்தப் பகா எண்ணால் வகுபட வேண்டும். ஆனால் அந்தப் பகா எண்ணை அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரக் கூடாது. 71-ஐச் சோதிப்போம். 1-இலிருந்து 7 வரை பெருக்கினால் 5040; 1 கூட்டினால் 5041 = 71². அழகுதான், ஆனால் 71-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1, எனவே இது கணக்கில் சேராது. 1-இலிருந்து 9 வரை பெருக்கினால் 362880; 1 கூட்டினால் 362881 = 19 × 71 × 269. 71-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 8. தேறிவிட்டது. திருநெல்வேலி தலைமை அஞ்சலகத்தின் பின்கோடுக்குள்ளே ஒரு பிள்ளை பகா எண் உட்கார்ந்திருக்கிறது. அஞ்சல் துறை இதைத் திட்டமிட்டிருக்காது.

பிள்ளை பெயரில் ஒரு சார்பும் உண்டு. 1-இலிருந்து குறித்த எண் வரை ஒவ்வொன்றுக்கும் அந்த எண்ணுக்குமான மீப்பெரு பொது வகுத்தியை எடுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 6-க்குச் செய்து பாருங்கள்: 1 + 2 + 3 + 2 + 1 + 6 = 15. பகா எண்ணுக்கு விடை அதன் இரு மடங்கில் ஒன்று குறைவு. வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலுக்கு அந்த விடைகளைப் பெருக்கினால் போதும். 6 = 2 × 3, விடை 3 × 5 = 15, சரிதான். நம் எண்ணுக்கு 141 × 201 × 17661 × 19801 = 9911002470201. 62,700 கோடி முறை மீ.பொ.வ கண்டு கூட்ட வேண்டிய கூட்டல், நான்கு எண்ணின் பெருக்கலாகச் சுருங்கிவிட்டது.

படி 9: உங்கள் ஊர்

உங்கள் பின்கோடை இரட்டித்து எழுதினாலும் 101 × 9901 நிச்சயம் உள்ளே இருக்கும். படி 3-ஐ மறுபடி செய்ய வேண்டாம். 627 சீமைக்காரர் என்றால் படி 4-இன் சலுகையும் உண்டு. கடைசி மூன்று இலக்கத்தை முதலில் 3, 11, 19-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். நாங்குநேரி 627108 என்றால் 108-ஐப் பார்த்ததும் 3-ஆல் வகுபடும் என்று சொல்லிவிடலாம். 11-உம் 19-உம் வகுக்காது.

எங்களுக்குக் கிடைத்ததில் சிறந்தது எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி. 627855-இல் 855 = 3 × 3 × 5 × 19. நம் விதிப்படி 3, 5, 19 மூன்றும் உடனே வெளியே வந்துவிடும்: 627855 = 3 × 5 × 19 × 2203. மிஞ்சிய 2203 பகா எண். அது மட்டுமில்லை, 2-இன் 2203-ஆவது அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வருவதும் பகா எண். 664 இலக்கம் கொண்ட அந்த மெர்சென் பகா எண்ணை 1952-இல் கணினி வைத்துக் கண்டுபிடித்தவர் ராஃபேல் ராபின்சன்.

இதைச் சொன்னதுதான் தாமதம், பையன் புது ரஃப் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு 2, 4, 8, 16 என்று இரட்டிக்கத் தொடங்கிவிட்டான். நேற்று பார்த்தபோது 90-ஆவது அடுக்குவரை வந்திருந்தான், இருபத்தெட்டு இலக்கம். எழுத வேண்டிய கவர் இன்னும் மேசை மேலேயே கிடக்கிறது.